கேட்டடிக் கடை யாருடையது?

நெய்வேலியைச் சுற்றியுள்ள காலனிகளில் நாங்கள் மாலை நேரப் படிப்பு வட்டம் நடத்திவருகிறோம். வரும் கல்லூரி மாணவர்களுக்கு ஒருமுறை ஒரு வேலை கொடுத்தோம். உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது இல்லாமல் போன ஓர் இடத்தைப் பற்றி எழுதி வாருங்கள் என்றோம். பெரும்பாலோர் சுரங்கத்துக்குள் போன நிலத்தையும் கோயிலையும் சுடுகாட்டையும் எழுதினார்கள். நெய்வேலியில் அது எதிர்பார்த்ததுதான். ஒரு தம்பி மட்டும் ரயில்வே கேட் பக்கத்தில் இருந்த சாராயக்கடையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தான். அவன் தாத்தா சொன்னது அது. "கேட்டடியில ஒரு கடை இருந்துச்சி. சுத்தமான சரக்கு. எல்லா சாதிக்காரனும் ஒண்ணா குந்திதான் குடிப்பானுங்க."

அந்தக் கடைசி வரி எங்களை விடவில்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊரில், கோயில் தேர் சேரிப் பக்கம் திரும்பாத ஊரில், சாராயக்கடை மட்டும் எப்படிச் சமத்துவபுரமாக இருந்தது? மாணவர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கடையின் வரலாற்றைத் தேடிப் போனோம். விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகும் பாதையில், நெய்வேலி நிலையத்துக்கு எட்டின தூரத்தில் உள்ள ஊர் அது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் கடையால் வழக்கு வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாக ஒரு பட்டப்பெயர் நம்மால் வர வேண்டாம்.

முதலில் எங்களைக் குழப்பியது வயதுக் கணக்கு. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், தான் அரைக்கால் டவுசர் போட்ட காலத்திலேயே கடை இருந்தது என்றார். ஐம்பதைத் தொட்ட ஒருவர், தான் பத்தாவது படிக்கும்போதும் இருந்தது என்றார். இன்னொருவர் அது எம்ஜிஆர் திறந்த கடை என்று சத்தியம் செய்தார். மூன்று பேரும் ஒரே புளியமரத்தைத்தான் கை காட்டினார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்க மாநில மதுவிலக்கின் தேதிகளை எடுத்து வைத்தோம். கேட்டடியின் கதை அங்கிருந்துதான் பிடிபட ஆரம்பித்தது.

1937இல் ராஜாஜி அரசு மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. இழந்த கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. மாநிலம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948 அக்டோபர் 2 அன்று. அப்போதைய முதல்வர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், நம் பழைய தென்னார்க்காட்டுக்காரர். அதன்பிறகு 1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்திக் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தது. 1973இல் கள்ளுக்கடையும் 1974இல் சாராயக்கடையும் மூடப்பட்டன. 1981இல் எம்ஜிஆர் அரசு மறுபடி திறந்தது. 1987 பிறந்தபோது மறுபடி மூடியது. 1990இல் மலிவு விலை மது என்ற பெயரில் பாக்கெட் வந்தது. 1991 ஜூலையில் ஜெயலலிதா அரசு அதையும் நிறுத்தியது.

இப்போது கூட்டிப் பாருங்கள். 1948 முதல் 1991 வரை 43 ஆண்டுகள். அதில் கேட்டடியில் சட்டப்படி ஒரு கடை இருந்திருக்க வாய்ப்புள்ள காலம் மொத்தமே பத்து வருஷம்தான். மீதி முப்பத்து மூன்று வருஷமும் கடை இருந்தது என்று ஊரே சொல்கிறது. ஆக, ஒரே புளியமரத்தடி, ஒரே சரக்கு, ஏறக்குறைய ஒரே வாடிக்கையாளர்கள். ஆனால் சில வருஷம் அது அரசுக்கு வருமானம் தரும் இடம், பல வருஷம் அது குற்றம் நடக்கும் இடம். வருமானம் தந்த வருஷங்களில் அது யாருடைய கடை, குற்றமாக இருந்த வருஷங்களில் அது யாருடைய கடை என்பதே எங்கள் கேள்வியாக மாறியது.

லைசென்ஸ் கடை ஏலத்தில் போனது. இது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். 1886ஆம் வருஷத்து அப்காரி சட்டத்தின் கீழ் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். மதராஸ் மாகாண வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஒருகாலத்தில் இந்தக் கலாலிலிருந்து வந்தது. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி சர்க்கரையோடு சாராயமும் வடித்தது. சேரிக்காரன் குடித்துக் கெடுகிறான் என்று எழுதிவைத்த துரைமாரின் சம்பளத்தில் அந்தச் சேரிக்காரனின் காசும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கடை திறந்தபோதும் அதே ஏல முறைதான். ஏலம் எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும், ஜாமீன் காட்டச் சொத்து வேண்டும், போட்டிக்கு வருபவனை மிரட்ட ஆள் வேண்டும். காலனியில் இந்த மூன்றும் யாரிடம் இருந்தது? கேட்டடிக் கடையை ஏலம் எடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டால் ஊர் மூன்று குடும்பங்களைச் சொல்கிறது. ஒன்றுகூட காலனிக் குடும்பமில்லை.

கடை மூடியிருந்த காலத்தில் கதை தலைகீழ். அப்போது ஊறல் போட்டது காலனி. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் போட்டு மண்ணுக்கடியில் புதைத்தது காலனி. லாரி டியூபில் அடைத்துச் சுமந்தது காலனி. கேஸ் வாங்கியதும் காலனி. வெல்லத்துக்கு முன்பணம் கொடுத்தவர் மட்டும் ஊருக்குள் இருந்தார். அவர் மேல் எந்த வழக்கும் இல்லை.

நெய்வேலியின் கதையில் இன்னொன்றும் உண்டு. நிலக்கரிக் கழகம் 1956இல் உருவானது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. சுரங்கத்துக்கு ஜெர்மன் இயந்திரம், மின் நிலையத்துக்கு சோவியத் உதவி என்று நம் பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. அந்தக் காலம் முழுக்க மாநிலத்தில் பூரண மதுவிலக்கு. ஆனால் அதே சட்டத்தில் பர்மிட் என்று ஒரு வாசல் இருந்தது. வெளிநாட்டவர் பர்மிட் பெற்றுக் குடிக்கலாம். உடல்நலத்துக்குத் தேவை என்று டாக்டர் சான்று தந்தால் வசதியுள்ளவரும் பெறலாம். மண் வெட்டியவன், சட்டி சுமந்தவள், தண்டவாளத்துக்கு ஜல்லி கொட்டியவன் ஆகியோருக்கு எந்த பர்மிட்டும் கிடையாது. அவர்களுக்குக் கேட்டடிதான். ஒரே டவுன்ஷிப்புக்கு உழைத்தவர்களில் ஒருவர் குடித்தது மருந்து, இன்னொருவர் குடித்தது குற்றம்.

பாண்டிச்சேரியையும் மறந்துவிடக் கூடாது. பிரெஞ்சுக்காரர் காலத்திலும் சரி, 1954க்குப் பிறகும் சரி, அங்கே மதுவிலக்கு வந்ததே இல்லை. கடலூர் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைப் பிரித்துப் பார்ப்பதை நம்மில் பலர் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். காரில் போகிறவரின் டிக்கியை எத்தனை முறை திறந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சரி, 'எல்லா சாதிக்காரனும் ஒண்ணா குந்தி' என்ற அந்த வரிக்கு வருவோம். அதைச் சொன்ன தாத்தாவிடமே போனோம். பேச்சுவாக்கில் அவரே பிரித்துச் சொன்னார். கள்ளத்தனமாகக் காய்ச்சிய காலத்தில் ஊர்க்காரர்கள் இருட்டியபிறகு காலனிக்குள் வருவார்கள். நம் வீட்டுத் திண்ணையில், நம் சொம்பில், நம் பெண்கள் ஊற்றிக்கொடுக்கக் குடிப்பார்கள். "அப்ப தீட்டு எங்கப்பா போச்சி?" என்று அவரே சிரித்தார். லைசென்ஸ் கடை வந்ததும் கேட்டடியில் கீற்றுக்கொட்டகை போட்டார்கள். முன்பக்கம் பெஞ்சு, கண்ணாடி கிளாஸ். பின்பக்கம் ஒரு தட்டி, தட்டிக்குப் பின்னால் நாம். கொட்டாங்குச்சியோ தனி டம்ளரோ நாம்தான் கழுவி வைக்க வேண்டும். "நீங்க ஒண்ணா குந்துனதா சொன்னீங்களே தாத்தா?" என்று பேரன் கேட்டான். "ஒரே கொட்டாயிதானே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரே கொட்டகைதான். நடுவில் இருந்த தட்டி அவர் நினைவில் சுவராகப் பதியவில்லை, அவ்வளவு பழகிவிட்டது. சமூகவியல் வகுப்பில் இதற்குக் கனமான சொற்கள் உண்டு. அந்தப் பேரனின் முகம் மாறியதைப் பார்த்தபோது எங்களுக்கு அந்தச் சொற்கள் எதுவும் வாயில் வரவில்லை. சட்டம் மறைந்து நின்ற இடத்தில் தீட்டும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது. சட்டம் பந்தல் போட்டு உட்கார்ந்ததும் தீட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய கள்ளுக்கடை, பழைய சாராயம், மண்ணின் பானம் என்று இன்று எழும் ஏக்கக் குரல்களைக் கேட்கும்போது எங்களுக்கு அந்தத் தட்டிதான் ஞாபகம் வருகிறது. பனையேறியின் தொழில் உரிமையை நாங்கள் மறுக்கவில்லை. மரம் ஏறுபவன் மேல் வழக்குப் போட்டுவிட்டு ஆலை மதுவை அரசே விற்பது அயோக்கியத்தனம். ஆனால் கடை மறுபடி வந்தால் ஏலம் எடுப்பது யார், பெஞ்சில் உட்காருவது யார் என்று கேட்காமல் அந்தக் கோரிக்கைக்குக் கை தட்ட நம்மால் முடியாது.

பெண்கள் சொன்னது வேறு வரலாறு. கூலி நாள் சனிக்கிழமை. மேஸ்திரி கூலி கொடுக்கும் இடமே கடை வாசல்தான். வாரம் முழுக்கக் கடனில் குடித்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் வைப்பார். அந்த மிச்சத்தையாவது பிடுங்க வேண்டும் என்று பெண்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். ரயில் வரும்போது கேட் மூடிவிடும். கேட் திறப்பதற்குள் அதுவும் போய்விடும் என்று ஒரு அம்மா சொன்னார். அவர் சொன்னபோது மற்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நாங்கள் எழுதிக்கொண்டோம்.

அந்தப் பெண்களிலேயே ஊறல் போட்டவர்களும் இருந்தார்கள் என்பதை மறைத்து எழுதினால் அது நேர்மையில்லை. கணவன் செத்துப்போன, நிலமில்லாத, கூலிக்கும் கூப்பிடப்படாத பெண்ணுக்கு அது ஒரு தொழில். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நிலம் வைத்திருந்தவருக்கு நிலத்துக்கான இழப்பீடு வந்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவளுக்கு எந்தப் பட்டா இருந்தது காட்ட? 1982இல் வந்த சட்டத்தைக் குண்டர் சட்டம் என்கிறோம். அதன் முழுப்பெயரைப் படித்துப் பாருங்கள். தடுப்புக்காவலில் வைக்கத்தக்கவர்களின் வரிசையில் முதலில் வருவது குண்டர் இல்லை, கள்ளச்சாராயம் விற்பவர். அரசே ஏலம் விட்டுச் சாராயம் விற்ற காலத்தில் போட்ட சட்டம் அது.

இங்கே மாணவர்கள் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்று. அப்படியானால் நாம் மதுவிலக்குக்கு ஆதரவா, எதிர்ப்பா? நம் முன்னோர்களே இதில் ஒரே குரலில் பேசியதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தை நம் பழைய நெறியாக முன்வைத்தவர். மதுவை விலக்குவது பஞ்சசீலத்தில் ஒன்று. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கு விதி, அதாவது இன்றைய 47ஆவது பிரிவு, விவாதத்துக்கு வந்தபோது ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். ஆதிவாசிகளின் அரிசி மது அவர்கள் வழிபாட்டோடும் உழைப்போடும் சேர்ந்தது, அவர்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள் என்பது அவர் வாதம். அம்பேத்கர் தலைமையிலான ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷனின் 1951ஆம் வருஷத்துத் தேர்தல் அறிக்கையோ மதுவிலக்கைக் கைவிட்டு அந்த வருமானத்தை மீட்க வேண்டும் என்றது. இதைச் சொன்னதும் எங்கள் வட்டத்தில் ஒரு தங்கை நம்பவில்லை, தேடிப் படித்துவிட்டு வந்துதான் ஒத்துக்கொண்டாள். நம் காலத்தில் 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தியது.

இந்த நிலைப்பாடுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு யார் சரி என்று பட்டிமன்றம் நடத்துவதில் எங்களுக்கு ஆர்வமில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் இருப்பது ஒரே கோபம் என்று தோன்றுகிறது. கடையைத் திறப்பதும் மூடுவதும் எங்களைக் கேட்டு நடக்கவில்லை என்ற கோபம். கேட்டடிக் கடை திறந்த எந்தத் தேதியிலும் காலனியை யாரும் கேட்கவில்லை. மூடிய எந்தத் தேதியிலும் கேட்கவில்லை. கஜானா காலியானால் திறந்தார்கள், தேர்தல் வந்தால் மூடினார்கள்.

இன்று கேட்டடியில் கடை இல்லை. ஆனால் கடை போய்விட்டது என்று சொல்ல முடியாது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. அந்த நிதியாண்டில் 3,639 கோடி ரூபாயாக இருந்த வருவாய் 2023–24இல் 45,855 கோடி. 2016 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து பாலு என்ற வழக்கறிஞர் கொண்டுபோன வழக்கில், நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் நெடுஞ்சாலையை விட்டுக் கிளம்பின. கிளம்பி எங்கே போயின? ஊருக்குள் புகப் பார்த்தால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள், கோயிலும் பள்ளியும் குறுக்கே வரும். விதிப்படி வழிபாட்டுத் தலத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். குடியிருப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அந்த விதி பேசவில்லை. ஆக, ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை, ரயில் பாதையோரம், காலனிக்குப் போகும் வழி. 2017இல் மாநிலம் முழுக்கப் பெண்கள் துடைப்பத்தோடு வந்து கடைகளை மறித்தார்களே, அது இதனால்தான். திருப்பூர் சாமளாபுரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. எங்கள் பகுதியிலும் ஒரு காலனியில் பெண்கள் மனு கொடுத்தார்கள். கடை இருநூறு அடி தள்ளிப் போனது. இருநூறு அடி தள்ளியும் அது காலனிப் பாதைதான்.

வடலூர் நமக்கு அடுத்த ரயில் நிலையம். வள்ளலார் நினைவு நாளில் மாநிலம் முழுவதும் டாஸ்மாக் மூடியிருக்கும். முந்தின நாள் மாலை எங்கள் பகுதிக் கடைகளில் நிற்கும் வரிசையை ஒருமுறை வந்து பாருங்கள்.

விலை ஏற ஏற, கூலிக்காரன் மறுபடி பாக்கெட் சாராயத்தைத் தேடுகிறான். 2001இல் நம் மாவட்டத்துப் பண்ருட்டியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2023இல் மரக்காணம் எக்கியார்குப்பம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அங்கு மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, அதில் பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். அப்போது சமூக ஊடகத்தில் ஓடிய கேள்வி நினைவிருக்கிறதா? குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா என்று கேட்டார்கள். மெத்தனால் எந்தத் தொழிற்சாலை வழியாக, யார் கை மாறி, எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டி அங்கே வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டடியில் வெல்லத்துக்கு முன்பணம் கொடுத்தவரைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. அதே பழக்கம்தான்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஒரு கேட்டடி இருக்கும். கேட் இல்லாவிட்டால் சந்தை மேடு, ஆற்றங்கரை, தோப்பு. ஏல அறிவிப்புகள் பழைய மாவட்ட அரசிதழ்களில் வந்தன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் ஆயாவிடம் உட்காருங்கள். காகிதம் காத்திருக்கும். ஆயா காத்திருக்கமாட்டார். தாத்தாக்களிடம் மட்டும் கேட்டால் உங்களுக்கும் 'ஒண்ணா குந்தி' என்ற வரிதான் கிடைக்கும். குடித்தவர்கள் நினைவில் வைத்திருப்பது ஒன்று, ஊற்றியவர்களும் வாசலில் நின்றவர்களும் வைத்திருப்பது வேறு.

நாங்கள் கடைசியாகப் பார்த்தது எண்பதைத் தாண்டிய ஓர் ஆயாவை. பேச மறுத்தார். "அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப? பேரன் வேலைக்குப் போறான்" என்றார். பெயர் போடமாட்டோம் என்று பலமுறை சொன்னபிறகு உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைத் திறந்தார். மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்த ஒரு குற்றப்பத்திரிகை நகல். மகன் இறந்தபின் சில்லறையாக விற்று மாட்டிக்கொண்டாராம், விருத்தாசலம் கோர்ட்டில் அபராதம் கட்டினாராம். அவருக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷமும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்டதும் இல்லை. படித்துக் காட்டினோம். பெயர் தப்பாக இருந்தது, வயது தப்பாக இருந்தது. தேதியைப் பார்த்தோம். லைசென்ஸ் கடை சட்டப்படி திறந்திருந்த எம்ஜிஆர் காலம். குற்றம் நடந்த இடம் என்ற கட்டத்தில், ரயில்வே கேட் அருகில், அரசு அனுமதி பெற்ற சாராயக்கடைக்கு எதிரில் என்று எழுதியிருந்தது.

அந்தக் கடை அங்கே இருந்ததற்கு இதுவரை எங்களுக்குக் கிடைத்த எழுத்துச் சான்று அது ஒன்றுதான். நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டோம். பேரன் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.